வறட்சியில் ஆறும் மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பொய்க்கும் வருடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எடுத்தது போக மிஞ்சினால் ஆற்றுக்கு என்று வைத்தால், வறட்சியில் ஒரு சொட்டும் மிஞ்சாது.

மனிதனுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, இதில் மீனுக்கு எங்கே போவது?

கோபம் நியாயம்தான், ஆனால் மீன் உங்கள் குடத்தோடு போட்டி போடவில்லை. உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து நாம் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆகும் தண்ணீர் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம்தான். தென்னாப்பிரிக்கா 1998-இல் கொண்டுவந்த தேசிய நீர்ச் சட்டம் இதை அழகாகத் தீர்த்து வைத்தது. மக்களின் அடிப்படைத் தேவை, ஆற்றின் உயிர்ச்சூழல், இந்த இரண்டுக்கும் முதலில் ஒதுக்கு. அதற்கப்புறம்தான் பாசனம், ஆலை, மற்றதெல்லாம். முதல் பந்தியில் மனிதனும் ஆறும் சேர்ந்தே உட்காருகிறார்கள். நடைமுறையில் அங்கேயும் ஆயிரம் சிக்கல் இருக்கிறது, ஆனால் வரிசை சரியான வரிசை.

இன்னொன்று, மீன் செத்து மிதக்கும் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர் சுத்திகரித்துக் குடிக்க வேண்டியிருக்கும்.

ஆற்றில் இன்னும் தண்ணீர் கிடக்கிறதே, அப்புறம் ஏன் மீன் சாகிறது?

மீனுக்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, தண்ணீருக்குள் காற்று இருக்க வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். 20 டிகிரியில் 9, 30 டிகிரியில் ஏழரை. இது அதிகபட்சம், அதாவது ஆறு நல்ல நிலையில் ஓடும்போது. இதற்கு நேர் எதிராக, சூடு ஏற ஏற மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரவு குறையும்போது செலவு கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறத் தொடங்கும், 2-க்குக் கீழே போனால் பலவும் தாங்காது.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் மத்தியானம் போகாதீர்கள். ஓட்டம் நின்று பச்சை பிடித்த மடு ஒன்றுக்கு, பொழுது விடிவதற்கு அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடுகிறது, அதனால் மாலை நான்கு மணிக்கு அளந்தால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், அதிகாரியும் எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். இரவு முழுக்க அதே பாசி, மீன், அடிச்சேற்றில் அழுகும் இலை எல்லாம் சேர்ந்து அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. விடியலில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து, உதட்டை மட்டும் வெளியே நீட்டி, வாயை வாயைத் திறக்கும். நீருக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தில்தான் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம். இறால் இருந்தால் கரையோரக் கல்லில், வேரில், பாதி உடம்பு வெளியே தெரிய ஏறி நிற்கும். கல்லை எறிந்தால்கூட மீன் உள்ளே போகாது. இதைப் பார்த்தீர்கள் என்றால் கையில் இருப்பது நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

ஆக்சிஜன் மட்டுமே எமன் என்றும் இல்லை. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியில் முட்டையிட ஏறி வந்த சால்மன் மீன்கள் 30,000-க்கும் மேல் செத்தன. தண்ணீர் குறைவு, வெப்பம் அதிகம், மேலே ஏற முடியாமல் மீன்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, அந்த நெரிசலில் செவுள் நோய் தீயாகப் பரவியது. கூட்டமான வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகுமோ அதே கதை.

விரால், தேளி எல்லாம் சேற்றிலேயே உயிரோடு கிடக்குமே?

கிடக்கும். விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை. அதனால்தான் சொல்கிறேன், விரால் துள்ளுகிறது என்பதை வைத்து ஆறு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஓடும் தண்ணீரை நம்பிய மீன்கள் அதற்கு வெகு முன்னாலேயே போயிருக்கும்.

சரி, ஆற்றுக்கு எவ்வளவு விட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்கள்.

எண் கேட்பவர்களுக்கு 1976-இல் டென்னன்ட் என்ற அமெரிக்க மீன் ஆய்வாளர் ஒன்று கொடுத்தார். ஆற்றின் ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் என்பது மீன் கொஞ்ச காலத்துக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கப் போதும், 30 சதவீதம் இருந்தால் ஓரளவு நன்றாக வாழும், 60 சதவீதம் என்றால் மிக நல்ல நிலை. எளிதான சூத்திரம் என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கெட்ட பழக்கமும் கூடவே பரவியது: 10 சதவீதம் என்பது உயிர் போகாமல் இருக்க வைக்கும் அளவு, அதையே பல இடங்களில் ஆண்டு முழுக்கப் போதும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஏற்றும் குளுக்கோஸை மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்வதைப் போல.

இப்போது கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். ஆறு ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை, மீன் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் முட்டையிடுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. எனவே விடும் தண்ணீரும் பருவத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கங்கையின் மேல்பகுதிக்கு இந்திய அரசு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு அந்த வகை. அந்தந்தக் காலத்துச் சராசரி ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. இந்த எண்கள் போதுமா என்று சண்டை நடக்கிறது, நடக்கட்டும். எண் என்று ஒன்று எழுத்தில் இருந்தால்தான் சண்டையே போட முடியும்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. மர்ரே-டார்லிங் வடிநிலத்தில் அரசே விவசாயிகளிடமிருந்து நீர் உரிமைகளை விலைக்கு வாங்கி, சுற்றுச்சூழல் பேரில் வைத்துக்கொண்டு, தேவையானபோது திறந்து விடுகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது என்னவென்றால், ஆறு யாரிடமும் கையேந்த வேண்டாம், அதன் பேரிலேயே பட்டா இருக்கிறது.

அணையில் கொஞ்சம்தான் இருக்கிறது. இப்போதே விடலாமா, கடைசிவரை பிடித்து வைக்கலாமா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று தினமும் பத்திரிகையில் வருகிறது, எத்தனை டிகிரி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்த தண்ணீர் அடியிலும் தனித்தனி அடுக்காக நிற்கும். குளிர்நீர் மீன்களுக்கு அந்த அடித்தண்ணீர்தான் சேமிப்புக் கணக்கு. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் குளிர்காலத்தில் ஏறி வரும் சினூக் சால்மன் கோடையில்தான் முட்டையிடும், அந்த முட்டைக்குச் சுமார் 13 டிகிரியில் தண்ணீர் ஓட வேண்டும். 2014 வறட்சியில் மேலே இருந்த ஷாஸ்டா அணையின் குளிர்நீர் பருவம் முடிவதற்குள் தீர்ந்துபோய், சுமார் 5 சதவீதம்தான் குஞ்சாகிப் பிழைத்தது. அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அதே கதி. மூன்றே ஆண்டு வாழும் மீனுக்கு அடுத்தடுத்து இரண்டு தலைமுறை போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு ஆண்டும் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சூடான தண்ணீர்.

கொலராடோ ஆற்றில் இன்னொரு வேடிக்கை. பவல் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த சூடான அடுக்கு மின் நிலையக் குழாயின் வாய்க்கு நெருக்கமாக வந்தது. அந்தத் தண்ணீரோடு நீர்த்தேக்கத்தில் வளர்ந்த மற்ற மீன்களைத் தின்னும் வெளிமீனான சிறுவாய்ப் பாஸும் அணையைக் கடந்து கீழே போய்விட்டது. 2022-இல் கீழே அதன் குஞ்சுகளையே கண்டுபிடித்தார்கள். அங்கே இருப்பதோ அருகிவரும் உள்ளூர் மீன். 2024 கோடையில் அடிமதகு வழியாகக் குளிர்நீரைக் கலந்து விட்டு, அந்தப் பாஸ் பெருகாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் மின் நிலையம் வழியாகப் போகாததால் மின் உற்பத்தி கொஞ்சம் போனது.

ஆகவே பதில்: இப்போதா பிறகா என்பதைக் கோடை பிறந்த பின் முடிவு செய்தால் தாமதம். தண்ணீர் வரத்து குறைவு என்று தெரிந்த மாதத்திலேயே, முட்டையிடும் காலத்தின் கடைசி வாரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஒதுக்க வேண்டும். வெப்பநாட்டு ஆற்றில் குளிர்நீரை அப்படியே திறப்பதும் ஆபத்து, சூட்டை எதிர்பார்த்து முட்டையிடும் மீன் குளிரில் முட்டையே இடாது. பல மட்டங்களில் மதகு இருக்கும் அணை என்றால் கலந்து விடலாம். ஒரே மதகு என்றால் கஷ்டம்தான்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நல்லதா, மொத்தமாகத் திறந்து விடுவது நல்லதா?

ஈரம் உள்ள ஆறு என்றால் கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் ஓட்டுங்கள். காய்ந்துபோன மணலாறு என்றால் கதை வேறு, நீங்கள் விடும் சிறு ஓட்டத்தை முதல் சில கிலோமீட்டரில் மணலே குடித்துவிடும், கீழே இருக்கும் மடுவுக்கு ஒரு குவளை போகாது. அப்படிப்பட்ட இடத்தில் சேர்த்து வைத்து ஒரே தவணையாக விட்டு மடுக்களை வரிசையாக நிரப்புவதுதான் புத்திசாலித்தனம். அதுவும் மடு கெடுவதற்கு முன்னால். வாரக்கணக்கில் அசையாமல் நின்று அடியில் ஆக்சிஜன் செத்துப்போன மடுவைத் திடீரென்று கலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெனின்டீ சாட்சி. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் டார்லிங் ஆற்றின் அந்தப் பகுதியில் நீலப்பச்சைப் பாசி மண்டி, தண்ணீர் அடுக்கடுக்காக நின்றது. வானிலை சட்டென்று குளிர்ந்து மேலடுக்கும் கீழடுக்கும் கலந்தன, லட்சக்கணக்கில் மீன் மிதந்தது. குளிர்ந்தது நல்லதுதானே என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

மூடும்போதும் நிதானம் வேண்டும். மதகைப் பட்டென்று இறக்கினால் ஓரத்து ஆழமில்லாத நீரில் இருக்கும் குஞ்சுகள் கூழாங்கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு காயும்.

நான் ஆற்றில் எடுக்கவில்லை, என் கிணற்றில்தான் எடுக்கிறேன். அதற்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

கோடையில் மழையே இல்லாமல் ஆறு ஓடுகிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நிலத்தடியிலிருந்து கசிந்துதான். ஆற்றை ஒட்டிய கிணற்றில் மோட்டார் ஓடும்போது, ஆற்றுக்கு வரவேண்டிய கசிவு வழியிலேயே மறிக்கப்படுகிறது. மட்டம் இன்னும் இறங்கினால் ஆற்றுத் தண்ணீரே திரும்பி நிலத்துக்குள் போகும். மோசமான விஷயம், இது தாமதமாகத் தெரியும். கிணறு ஆற்றிலிருந்து தள்ளி இருந்தால் இன்று இறைத்தது மாதங்கள் கழித்து ஆற்றில் குறைவாகத் தெரியும், மோட்டாரை நிறுத்திய பிறகும் குறைந்துகொண்டே இருக்கும். எனவே ஆறு வற்றிய அன்று கிணறுகளுக்குத் தடை போடுவது, வண்டி போனபின் கை காட்டுவது.

எல்லோரும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறினால் ஆறு பிழைத்துவிடுமா?

பிழைக்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பினேன். வாய்க்கால் பாய்ச்சலில் வீணாகிறது என்று நாம் சொல்லும் தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, மெல்ல ஆற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சொட்டுநீர் அந்தத் திரும்பும் பங்கை நிறுத்துகிறது. மிச்சமான தண்ணீரை ஆற்றில் விட்டால் லாபம். ஆனால் நடப்பது என்ன? மிச்சத்தை வைத்துப் பக்கத்து நிலத்தையும் பயிர் வைக்கிறார்கள், இல்லையென்றால் அதிகம் குடிக்கும் பயிருக்கு மாறுகிறார்கள். பயிரெல்லாம் பச்சையாக இருக்கும், ஆறு முன்பைவிடக் காய்ந்திருக்கும். அவர்கள் மேல் குற்றம் இல்லை, கையில் தண்ணீர் இருந்தால் யார் சும்மா இருப்பார்கள்? மானியம் கொடுக்கும்போதே மிச்சத்தில் இத்தனை பங்கு ஆற்றுக்கு என்று எழுதி வாங்கி, எடுப்பதை மீட்டர் வைத்து அளக்காதவரை சொட்டுநீர் விவசாயத்துக்கு உதவும், ஆற்றுக்கு உதவாது.

வீட்டில் குழாயை மூடினால் மீனுக்கு உதவுமா?

நகரம் சிறிய ஆற்றிலிருந்தோ அதன் அணையிலிருந்தோ நேரடியாக எடுக்கிறது என்றால் உதவும். கேப்டவுன் நகரம் 2018-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டுச் சமாளித்தது. ஆனால் அளவு தெரிந்து பேசுவோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கட்டினால் 5 லட்சம் லிட்டர், அதாவது அந்தக் கட்டுப்பாட்டின்படி 10,000 பேரின் ஒரு நாள் தண்ணீர். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், அதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

ஆலைக் கழிவு எப்போதும் போல அனுமதித்த அளவில்தானே வருகிறது?

அளவு அதேதான், அதைக் கரைக்கும் ஆறுதான் பாதியாகிவிட்டது. 2022 கோடையில் போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்தது. குறைந்த ஓட்டம், வெப்பம், கூடவே ஆற்றில் விடப்பட்ட உப்புக் கழிவு, இவை சேர்ந்ததும் உவர்நீரில் வளரும் ஒரு தங்கநிறப் பாசி உள்நாட்டு ஆற்றில் பெருகி நஞ்சைக் கக்கியது. ஓட்டம் குறைந்தால் கழிவின் அனுமதியும் தானாகவே குறைய வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வற்றும் மடுவிலிருந்து மீனைப் பிடித்து வேறு இடத்தில் விடலாமா?

செய்யலாம், ஆனால் உரிய துறையிடம் சொல்லிவிட்டு. விடியற்காலையில், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது, முடிச்சில்லாத மெல்லிய வலையில், காற்று ஏற்றிய தொட்டியில். விடும் இடத்தின் வெப்பத்துக்குத் தொட்டித் தண்ணீரை மெதுவாகப் பழக்கிவிட்டு விடுங்கள். வேறு ஆற்றில் மட்டும் விடவே கூடாது, நோயையும் வெளிமீனையும் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். மீன் வாயைப் பிளக்கும் நிலை வந்தபின் பிடித்தால் பாதி கையிலேயே சாகும்.

காற்று ஊதும் இயந்திரம்?

ஒரு மடுவுக்கு, சில நாளுக்கு. மெனின்டீயிலும் வைத்தார்கள். ஆற்றுக்கு அது பதில் இல்லை.

ஆற்றில் குழி தோண்டி வைத்தால் மீன் தங்குமா?

எங்கே தோண்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2003 வெப்பத்தில் ரைன் ஆற்றின் மேல்பகுதியில் பல்லாயிரம் கிரேலிங் மீன்கள் செத்தன. 2018-இல் மறுபடியும் சூடு ஏறியபோது சுவிட்சர்லாந்தில் குளிர்ந்த ஓடைகள் வந்து சேரும் வாயில் ஆழப்படுத்தி மீனுக்கு ஒதுங்க இடம் செய்தார்கள். ஊற்று, ஓடைவாய், மர நிழல் இருக்கும் இடம் என்றால் பயன் உண்டு. வெட்டவெளியில் தோண்டினால் அது மீனைப் பிடிக்க வசதியான பானை. கரை மரத்தை வெட்டிவிட்டு நடுவில் குழி தோண்டுவதை நான் பார்த்திருக்கிறேன், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வறட்சியில் தூண்டில் போடலாமா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு விதி உண்டு. ஆற்று நீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது சுமார் 23 செல்சியஸ், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை விதிக்கலாம். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதும் கூடாது, சூட்டில் போராடிக் களைத்த மீன் விட்டபிறகும் செத்துப்போகும். உங்கள் ஊரில் விதி இல்லையென்றாலும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மடுவில் ஒடுங்கிய மீனை மொத்தமாக வலை போட்டு அள்ளுவது பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அடுத்த வருட விதைநெல்லைச் சமைக்கிறீர்கள்.

மழை வந்துவிட்டது. இனி கவலை இல்லையே?

இந்த நேரத்தில்தான் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வறண்ட மாதங்களில் ஆற்றுப்படுகையிலும் கரையிலும் குவிந்த சருகு, சாணம், சாம்பல், கழிவு அத்தனையையும் முதல் வெள்ளம் வாரிக்கொண்டு வரும். அது அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும், தண்ணீர் தேநீர் நிறத்தில் கறுக்கும். ஆஸ்திரேலியாவின் நீண்ட வறட்சி 2010-இல் வெள்ளத்தோடு முடிந்தபோது மர்ரே ஆற்றில் இப்படித்தான் கரும்நீர் ஓடி மீன் செத்தது. அதே மெனின்டீயில் 2023 மார்ச்சில், வெள்ளம் வடியும்போது, கோடிக்கணக்கில் மீன் செத்தது. பாலத்தில் நின்றால் தண்ணீரே தெரியாத அளவுக்கு.

முதல் வெள்ளத்தைப் பாசனத்துக்கும் தொட்டிக்கும் திருப்ப எல்லோரும் மோட்டாரோடு தயாராக நிற்பார்கள். அதை ஆற்றோடு போக விடுங்கள். அது அழுக்கை அடித்துக்கொண்டு போகட்டும், துண்டு துண்டாகக் கிடக்கும் மடுக்களை இணைக்கட்டும். இரண்டாவது வெள்ளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

செத்த மீனைப் பார்த்தேன். என்ன செய்வது?

முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் படம். அளவு தெரிய ஒரு செருப்பையோ பேனாவையோ பக்கத்தில் வையுங்கள். எத்தனை வகை, பெரிய மீனா சின்ன மீனா என்று எழுதுங்கள். பெரிய மீன் மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு, தவளை, பூச்சி உட்படக் கலந்து எல்லாமே செத்திருந்தால் நஞ்சை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீரை வழிய வழிய, காற்றுக்குமிழ் இல்லாமல் பிடித்துக் குளிரில் வையுங்கள். மீனைத் தொடுவதானால் கையுறை, நாய்க்குப் போட வேண்டாம். மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள், அடுத்த நாள் போனால் மீன் அழுகியிருக்கும், தண்ணீரும் ஓடியிருக்கும். வருகிற அதிகாரி மத்தியானம் மூன்று மணிக்கு மீட்டரை இறக்கி எல்லாம் சரி என்றால், நாளை விடியலில் ஐந்து மணிக்கு ஒரு தடவை இறக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.